அடைப்புக்குறிக்குள் லண்டன்

சிவமயம்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18-1-1932

அன்புத் தங்கை சிவமலருக்கு அக்கா குணபூசணி எழுதுவது.

முருகன் துணையால் இங்கே நானும் அத்தானும் பிள்ளைகளும் சுகம். உன் கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறை என்று போன முறையே எழுதினேன். ஆறாம் மாதத்திலேயே கால் இப்படி என்றால் கிள்ளானிலிருந்து ரயிலேறி இங்கே வருவதை மறந்துவிடு. அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கும் குறைக்கு நான்தானே இதையெல்லாம் சொல்ல வேண்டும்.

நிற்க. ஒரு நல்ல சங்கதி. வெளியில் மூச்சு விடாதே. இங்கே கைக்குழந்தைகளை நிறுத்துப் பால்மா கொடுக்கும் நிலையத்துக்கு நான் புதன்கிழமைகளில் போவது உனக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழ்த் தாய்மாருக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. அங்கே வரும் துரைசாணி ஒருவரின் கணவர் ஒரு ரப்பர் கொம்பனிக்குப் பெரிய துரை. அந்தக் கொம்பனியில் உதவிச் செயலாளர் வேலைக்கு முதன்முறையாக நம்மவர் ஒருவரை எடுக்கப் போகிறார்களாம். ரப்பர் விலை விழுந்த விழுகையில் சீமையிலிருந்து ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவருவது கட்டுப்படியாகவில்லையாம். பி.ஏ. பட்டம் ஒன்றுதான் நிபந்தனை.

அத்தான் மனுப் போட்டுவிட்டார். இந்தப் பக்கத்தில் நம்மவர்களில் பி.ஏ. என்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதிலும் மதராஸில் நாலு வருஷம் இருந்து படித்து, அங்கி போட்டுக்கொண்டு மேடையேறிப் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர்? துரைசாணி என் கையைப் பிடித்து, “உன் கணவர் பட்டதாரியா!” என்று கேட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் வீட்டுக்காரர், தம்பி கனகலிங்கத்தின் சோதனை முடிவு வந்ததா? பாவம், கந்தோர் வேலையையும் பார்த்துக்கொண்டு, தபாலில் பாடம் வரவழைத்துப் படித்து, லண்டன் சோதனை எழுதுவது லேசா? இந்த முறை வராவிட்டாலும் மனதைத் தளர விட வேண்டாம் என்று சொல்.

உன் சுகம் அறியக் காத்திருக்கும்,
அக்கா குணம்


கிள்ளான்
24-1-1932

அன்புள்ள அக்காவுக்குச் சிவமலரின் வணக்கம்.

கடிதம் கண்டு சந்தோஷம். பிள்ளைகளின் சளி போனதா? என் கால் அப்படியேதான். செருப்புப் போட முடியவில்லை. பாசாருக்கு இவர்தான் போய்வருகிறார்.

நிற்க. மனதைத் தளர விட வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதமும் லண்டனிலிருந்து வந்த கடிதமும் ஒரே தபாலில் வந்தன. இவர் பாஸ். இனிப் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் லண்டன் என்று எழுதலாம். அன்று முழுக்கக் கிடைத்த காகிதத்தில் எல்லாம் அதையே எழுதி எழுதிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கலியாணப் பந்தலில் வைத்துப் பெரியப்பா, “மூத்தவளுக்குப் பி.ஏ., இளையவளுக்கு வெறும் கிளாக்கர்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். உங்களுக்கு மறந்திருக்கும். நீங்கள் அப்போது பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று. கோபிக்கக் கூடாது. இவரும் அந்தக் கொம்பனிக்கு மனுப் போட்டிருக்கிறார். வெளியில் மூச்சு விடாதே என்றீர்கள். கணவன் வெளியா, அக்கா? கிடைக்கும் என்று போடவில்லை. புதுப் பட்டத்தை ஒரு மனுவில் எழுதிப் பார்க்கும் ஆசை, வேறொன்றும் இல்லை. அத்தான் இருக்கும்போது இவரை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.
தங்கை மலர்


பிரிக்பீல்ட்ஸ்
15-2-1932

சிவமலருக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் வயிற்றுப் பிள்ளையின் சுகத்துக்கும் வேண்டுகிறேன். உடனே பதில் எழுத முடியவில்லை. தம்பி பாஸானது மெத்தச் சந்தோஷம். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது என்று வைத்துக்கொள்.

நிற்க. இனி ஒளிக்க முடியாது. அத்தானுக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் மார்கழியிலேயே வந்துவிட்டது. மே மாதத்தோடு வேலையும் இல்லை, இந்தக் குவாட்டர்ஸும் இல்லை. கொம்பனி வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான். மலாயாவில் பெரிய உத்தியோகம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படலையைத் திறப்பது? உன் உடம்பை நினைத்துத்தான் எழுதவில்லை என்று சொல்லலாம். அது உண்மை இல்லை. நீ என்மேல் இரக்கப்படுவதை என்னால் பொறுக்க முடியாது, அதுதான் காரணம்.

தம்பிக்குத் துறைமுகத்தில் கெட்டியான வேலை இருக்கிறது. புதுப் பட்டத்தை எழுதிப் பார்க்க அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

குணபூசணி


கிள்ளான்
18-2-1932

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுகம் விசாரிக்கவும் வாய் வரவில்லை.

நோட்டீஸ் சங்கதி எனக்குத் தெரிந்திருந்தால் இவரை மனுப் போட விட்டிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதுவும் உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. இவரிடம் சொன்னேன். “அண்ணைக்கு இல்லாத வேலை எனக்கு என்னத்துக்கு? மனுவைத் திருப்பி எடுக்கிறன்” என்று உடனே சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் வரவில்லை. விடியப்புறம் எழும்பி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஐந்து வருஷம் படித்த மனிதர்.

நீங்கள் ஒரு வரி எழுதுங்கள், “எடுத்துவிடச் சொல்” என்று. மறு தபாலிலேயே எடுத்துவிடுவார். நானாகச் சொல்ல மாட்டேன், அக்கா. என்னை மன்னியுங்கள்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
21-2-1932

சிவமலருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கேயும் அப்படியே ஆகுக.

மனுவை எடுக்க வேண்டாம். யாராவது விட்டுக்கொடுத்துக் கிடைக்கும் நிலையில் மதராஸ் பட்டம் இல்லை. உன் வீட்டுக்காரர் போட்டியில் நிற்கட்டும். அத்தான் நேர்வழியில் வாங்கட்டும். பிறகு நீ ஒரு காலத்திலும் “நாங்கள் விட்டுக்கொடுத்தோம்” என்று சொல்லக் கூடாது பார்.

பழங்கள் சாப்பிடு. அன்னாசி மட்டும் வேண்டாம்.

அக்கா


கிள்ளான்
14-3-1932

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு மூச்சு வாங்குகிறது. மற்றபடி சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் அறிய ஆவல்.

நிற்க. சனிக்கிழமை அத்தானையும் இவரையும் கொம்பனியில் கூப்பிட்டு விசாரித்த கதையை அத்தான் சொல்லியிருப்பார். கோபக்காரத் தோட்டத்துரை ஒருவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, இருவரையும் பதில் எழுதச் சொன்னார்களாம். அத்தான் நாலு பக்கம், இவர் ஐந்து வரி. வெளியில் வந்தபோது அங்கே கிளாக்கர்மாருக்கெல்லாம் மேலே இருக்கும் தலைமைக் கிராணி நாகையா இவர் காதோடு, “தொரை என்ன சொல்றாரு தெரியுமா? மதராஸ்காரருக்கு எழுதத் தெரியுது, லண்டன்காரருக்கு நிறுத்தத் தெரியுதாம்” என்றாராம். எது நல்லது என்று துரை சொல்லவில்லையாம்.

இப்போது நான் எழுதப் போவது உங்களுக்கு மட்டும். துரை இவருடைய மனுவைப் பார்த்துவிட்டு, “லண்டனில் எங்கே தங்கியிருந்தாய்?” என்று கேட்டிருக்கிறார். அடைப்புக்குறிக்குள் லண்டன் என்று இருந்ததால் லண்டனுக்கே போய்ப் படித்தவர் என்று நினைத்துவிட்டார் போலும். சோதனை எழுதக் கொழும்பு வரைக்கும் போய்வந்ததுதான் இவர் போன தூரம். இவரும் பதறிப்போய், “வடக்கில்தான், சேர்” என்று சொல்லிவிட்டாராம்! துரையும், “ஆ, வடக்கில் குளிர் அதிகம்” என்று தலையாட்டினாராம். யாழ்ப்பாணம் வடக்குத்தானே, நான் பொய் சொல்லவில்லையே என்று என்னிடம் கேட்கிறார். கேட்கிறாரே தவிர, அன்று முதல் சோறு இறங்கவில்லை. போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்கிறார். நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன்.

நினைத்தால் சிரிப்பு, இல்லையா? எனக்குச் சிரிக்க அக்காவை விட்டால் யார் இருக்கிறார்கள்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
17-3-1932

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ நல்லபடி பெற்றுப் பிழைக்க நாளும் கோயிலில் விளக்கேற்றுகிறேன். மாங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் ஆள்வசம் அனுப்பியிருக்கிறேன். வாய்க்கு ருசியாக இருக்கும்.

உன் கடிதத்தை வாசித்து வயிறு குலுங்கச் சிரித்தேன். வடக்கில்தான், சேர்! பயப்படாதே, அத்தானுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவர் பாவம், “நாலு பக்கம் எழுதினதுதான் பிழை” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். மதராஸில் எங்கே தங்கினாய் என்று துரை அவரிடம் கேட்கவே இல்லையாம். கடல் கடந்து போய்ப் படித்தவரிடம் ஒரு கேள்வி இல்லை. குசினியில் இருந்து படித்தவரிடம் லண்டன் விலாசம் கேட்கிறார்கள். எந்த ஊர் நியாயம், மலர்? சரி, விடு.

தம்பியைப் போய் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொல். துரை நம்பியது நம்பியதாக இருக்கட்டும்.

வரும் புதன்கிழமை நிலையத்தில் வேலை அதிகம். துரைசாணி என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறார்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா குணம்


கிள்ளான்
4-4-1932

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். ஊறுகாய் வந்தது. இன்னும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை துரை இவரைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ லண்டனைக் கண்ணால் கண்டதுண்டா?” “இல்லை, சேர்.” “அப்படியானால் வடக்கு?” “இலங்கையின் வடக்கு, சேர்.” இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாராம். துரை கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இருக்கச் சொன்னாராம்.

பிறகுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. லண்டன் போய் வந்தவனென்றால் வெள்ளைக்காரனுக்குக் கொடுக்கும் படியும் பங்களாவும் சீமை லீவும் கேட்பான், கிளப்பில் சேர்க்கச் சொல்வான் என்று கொம்பனி பயந்ததாம். அதனால் அத்தானையே எடுப்பதென்று முடிவாகி, அத்தான் பெயருக்குக் கடிதமும் டைப் அடித்து வைத்திருந்தார்களாம். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். அந்த நேரத்தில் துரைசாணி வீட்டில் சொல்லியிருக்கிறார், அந்தக் கிள்ளான் மனிதர் லண்டன் பக்கமே போகாதவர் என்று. லண்டன் பேர், மதராஸ் சம்பளம். துரைக்கு வேறென்ன வேண்டும்? அத்தானின் கடிதத்தைக் கிழித்துவிட்டு இவருக்கு அடித்துக் கொடுத்தார்கள்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. துரையே சொன்னாராம். “உன் மனைவியின் அக்கா உன்னைப் பற்றி மிகவும் உயர்வாகச் சொன்னாள், வீட்டிலேயே விளக்கை வைத்துப் படித்தவனாமே” என்று. இவர் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “உன்ரை அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு!” என்கிறார். இவர் நல்லவர். நல்லதாகத்தான் நினைப்பார். நான் உங்களோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள்.

சிவமலர்


கிள்ளான்
22-5-1932

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பிள்ளை பிறந்ததற்கு அடித்த தந்திக்கும் பதில் இல்லை. ஆண் பிள்ளை, அம்மாவின் மூக்கு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். பெரியம்மா எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

நிற்க. அத்தானுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. கப்பலுக்குச் சீட்டு எடுத்துவிட்டீர்களா? எடுக்காவிட்டால் பொறுங்கள். கொம்பனியில் நாகையா ஊரோடு போகிறார். தலைமைக் கிராணி இடம் காலி. இவர் துரையிடம் பேசி அத்தானுக்கு வாங்கிவிட்டார். ஒன்றாம் தேதி சேர வேண்டும். இவருக்குக் கீழேதான் வேலை. அதை மறைக்க முடியாது.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அத்தான் கதவைத் தட்டிவிட்டு இவர் அறைக்குள் வருவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு இனித்தது, அக்கா. பந்தலில் சிரித்த உங்கள் முகம் கண்ணில் வந்தது. அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் பெட்டியோடு கப்பல் துறையில் நிற்பதும் கண்ணில் வந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. எனக்காக வேண்டாம், அவர்களுக்காக அத்தானை அனுப்புங்கள்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
31-5-1932

தங்கச்சிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருங்கள். பெறாமகனை இன்னும் பார்க்கவில்லை. பார்க்க வரும் முகம் எனக்கு இல்லை.

அவர் நாளைக்கு வேலைக்கு வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். “தம்பி கேட்டு வாங்கித் தந்தது, போகாட்டி மரியாதை இல்லை” என்று உடனே சரி சொல்லிவிட்டார். இன்று பகல் கண்ணாடியின் முன்னால் நின்று, “குட் மோர்னிங், சேர்” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். இத்தனை காலம் உன் வீட்டுக்காரரை, “தம்பி, இஞ்சை வாரும்” என்று கூப்பிட்ட வாய். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

துரைசாணியிடம் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நல்ல சொல்தான். அந்த நல்ல சொல்லால் தம்பியை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். உனக்குத் தெரிந்ததை உனக்கு மறைத்து என்ன பயன்? பொறாமை இன்னும் அடங்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். உன் கடிதத்தில் “கீழே” என்ற சொல்லை வாசித்தபோது திரும்பவும் பற்றி எரிந்தது.

ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. தன் பெயருக்குக் கடிதம் அடித்திருந்ததும் தெரியாது, அதைக் கிழிக்க வைத்தது யார் என்பதும் தெரியாது. நாலு பக்கம் எழுதியதால்தான் போனது என்று இன்னும் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். அவர் அப்படியே இருக்கட்டும், மலர். தம்பியிடம் சொல்லி வை. என் வீட்டில் மிச்சம் இருப்பது அவர் என்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்.

குணம்


கிள்ளான்
2-6-1932

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா?

நேற்றுக் காலை அத்தான் சேர்ந்ததும், இவர் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, நான் இருக்கிற இந்தக் கதிரை அக்கா தந்தது. அவ துரைசாணியிட்டை நான் வீட்டிலை இருந்து படிச்சனான் எண்டு சொல்லாட்டி இது உங்களுக்குத்தான் வந்திருக்கும். உங்கடை பேருக்குக் கடிதமும் அடிச்சு வைச்சிருந்தவை. நான் செத்தாலும் மறக்க மாட்டன்” என்று சொல்லிவிட்டார். நன்றி சொன்னாராம்! பெருமையாக என்னிடம் வந்து சொல்கிறார். இவரிடம் கோபித்து என்ன செய்ய?

அத்தான், “அப்படியோ” என்றாராம். பிறகு தன் மேசைக்குப் போய் வேலையைத் தொடங்கினாராம்.

வீட்டில் என்ன சொன்னார்? கோபித்தாரா? உடனே எழுதுங்கள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி வரட்டுமா?

மலர்


பிரிக்பீல்ட்ஸ்
6-6-1932

மலருக்கு,

நீ வர வேண்டாம். பிள்ளைக்கு வெயில் ஆகாது.

அவர் கோபிக்கவில்லை. அன்று வேலையால் வந்து குளித்தார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். சாப்பிட இருந்தபோது, “உங்கடை இங்கிலீசு துரைசாணிக்கு நல்லா விளங்கியிருக்குது” என்றார். அவ்வளவுதான். நான் சோறு போடக் குனிந்தபோது போதும் என்று தட்டைக் கையால் மூடினார்.

இத்தனை வருஷம் என்னை “நீ” என்று கூப்பிட்டவர், சிவமலர். அன்று முதல் “நீங்கள்” என்கிறார். “தண்ணி தாருங்கோ” என்கிறார். “நீங்கள் படுங்கோ, நான் விளக்கை அணைக்கிறன்” என்கிறார். ஒரு சொல் கடுமை இல்லை. பிள்ளைகள், அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

குணபூசணி